மலைக்குளிரில் இருந்து ரன்வே பார்ப்பது: விமர்சனம் எழுதவும், உங்களுக்கான உடையைக் கண்டெடுக்கவும்

தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் ஃபேஷன் ஷோவின் நடைமேடையான ரன்வேயில் வரும் கம்பளிக் கோட்டு வெறும் படம்தான். ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கோடைக்கானலிலும் அப்படி இல்லை. அந்தக் கோட்டைப் பார்த்ததுமே சில கேள்விகள் எழும். உள்ளே ஸ்வெட்டர் போட்டால் கையை மடக்க முடியுமா? சாரலில் நனைந்தால் எத்தனை நாளில் காயும்? மேட்டுப்பாளையம் இறங்கியதும் கழற்றி எங்கே வைப்பது? துணி, வெட்டு, எடை பற்றிய இந்தக் கேள்விகள்தான் ஒரு விமர்சகருக்கு முதலில் வேண்டியவை. மலையில் வளர்ந்தவர்களுக்கு அவை இயல்பாகவே வரும்.

விமர்சனம் எழுதுவதும் தனக்கென்று ஒரு பாணி அமைத்துக்கொள்வதும் தனித்தனி வேலைகள் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்பது எங்கள் கருத்து: உடையைக் கண்ணால் அளப்பது, அளந்ததைச் சொல்லில் வைப்பது. நாற்பது கோட்டுகளின் தோள் தையல் எங்கே விழுகிறது என்று குறித்துப் பழகியவர், ஊட்டி திபெத்தியன் மார்க்கெட்டில் ஒரு ஜெர்கினைக் கையில் எடுத்ததுமே அது தன் தோளில் எப்படி உட்காரும் என்று சொல்லிவிடுவார். அதனால் முதலில் பார்ப்பதும் எழுதுவதும், பிறகு உடுத்துவது.

எப்போது, எதைப் பார்ப்பது

பெண்கள் ரெடிமேட் உடைக்கான பெரிய ஷோக்கள் நியூயார்க், லண்டன், மிலன், பாரிஸ் என்ற வரிசையில் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் காட்டுவது வரப்போகும் குளிர்காலத்துக்கு; செப்டம்பர், அக்டோபரில் காட்டுவது அடுத்த ஆண்டின் கோடைக்கு. ஆண்கள் உடைக்குத் தனியாக ஜனவரியிலும் ஜூனிலும் ஷோக்கள் உண்டு. பாரிஸின் ஓத் கூத்யூர், அதாவது ஆளுக்கு அளவெடுத்துக் கையால் தைக்கும் உயர்விலை உடை, ஜனவரியிலும் ஜூலையிலும் வரும். நம் நாட்டில் லாக்மே ஃபேஷன் வீக் இருக்கிறது.

பெரிய நிறுவனங்கள் பலவும் தங்கள் யூடியூப் சேனலில் நேரலையாகவே காட்டுகின்றன. செப்டம்பரில் பாரிஸ் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும்; மார்ச் தொடக்கத்தில் நாலரை மணி நேரம். அங்கே இரவு 8 மணி ஷோ என்றால் செப்டம்பரில் இங்கே 11:30. விழித்திருந்து பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. மறுநாள் காலை, லுக் (ஒரு மாடல் அணிந்துவரும் முழு உடை) வாரியாக எண் போட்ட படங்களும் சேர்ந்து கிடைக்கும்போது பார்ப்பதே வேலைக்கு நல்லது.

முதல் வருடத்தில் இருபது டிசைனர்களைத் துரத்தாதீர்கள். மூன்று பேர் போதும். ஒருவர் வடிவத்தையே கேள்வி கேட்பவராக இருக்கட்டும். 1981 முதல் பாரிஸில் காட்டிவரும் காம் தே கார்சோன் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ரெய் கவாகுபோ அப்படிப்பட்டவர். ஒருவர் பழைய பெரிய நிறுவனத்துக்குப் புதிதாக வந்தவர். 2025 அக்டோபரில் ஷனெலுக்கு முதல் கலெக்‌ஷன் காட்டிய மத்தியூ பிளாசியைத் தொடரலாம். மூன்றாமவர் நம் கைவேலையை வைத்து உழைப்பவர். 2014-ல் கம்பளி உடை வடிவமைப்புக்கான சர்வதேச உல்மார்க் பரிசு வாங்கி, 2020 ஜனவரியில் பாரிஸ் கூத்யூர் வாரத்தில் காட்டிய முதல் இந்திய டிசைனரான ராகுல் மிஸ்ரா இருக்கிறார். ஒரே டிசைனரின் அடுத்தடுத்த மூன்று சீசன்களைப் பார்த்தால்தான் எது அவருடைய பழக்கம், எது இந்த முறை புதிது என்று பிடிபடும். ஒற்றை ஷோவைப் பார்த்து எழுதினால் பழக்கத்தையே புதுமை என்று பாராட்டிவிடுவோம். புதிதாக எழுதுபவர்களிடம் மிகுதியாகக் காண்பது இந்தப் பிழைதான்.

மூன்று தடவை பார்ப்பது

ஒரு ஷோ பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடம்தான். அதை மூன்று விதமாகப் பாருங்கள்.

முதல் தடவை சத்தத்தோடு, நிறுத்தாமல், நோட்டைத் தொடாமல். முடிந்ததும் ஐந்து நிமிடத்துக்குள் நினைவில் நிற்கும் மூன்று லுக்குகளை எழுதுங்கள். மேடை, இசை, வெளிச்சம் எல்லாம் சேர்ந்து உங்களிடம் எதை விட்டுச்சென்றன என்பதற்கு இதுவே சாட்சி. பிறகு எழுதினால் மற்றவர்கள் பகிர்ந்த படங்கள் உங்கள் நினைவை மாற்றிவிடும்.

இரண்டாம் தடவை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பாதி வேகத்தில். இசை எந்தப் பாவாடைக்கும் கம்பீரம் கொடுத்துவிடும். அது போனதும் துணி மட்டும் மிஞ்சும். விளிம்பு காலோடு சேர்ந்து நகர்கிறதா, அரை அடி பின்னால் வருகிறதா? பின்னால் வந்தால் துணி கனம், அல்லது உள்ளே லைனிங் இருக்கிறது. மாடல் திரும்பும் இடத்தில் நிறுத்தி முதுகைப் பாருங்கள். முன்பக்கம் படத்துக்காக வெட்டப்பட்டிருக்கலாம், முதுகில்தான் வெட்டுக்காரரின் திறமை தெரியும். கைக்குழிக்குக் கீழே குறுக்கு மடிப்பு விழுகிறதா, கழுத்துப் பட்டி பின்கழுத்தை விட்டு விலகி நிற்கிறதா என்று குறியுங்கள்.

மூன்றாம் தடவை படங்கள். ஒரு நோட்டில் ஆறு பத்தி (மேலிருந்து கீழாக ஆறு வரிசை) போடுங்கள்: தோள், இடுப்பு, விளிம்பின் உயரம், துணி, நிறம், காலணி. 45 லுக் இருந்தால் 45 வரி. அலுப்பான வேலைதான், ஆனால் தவிர்க்கக் கூடாதது. "இந்த சீசன் முழுக்க அகலத் தோள்" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எண்ணிப் பார்த்தால் 45-ல் 9 இருக்கும், முதல் நான்கு லுக்குகளும் அதுவாக இருந்ததால் அப்படித் தோன்றியிருக்கும். முதல் மூன்று லுக்கும் கடைசி லுக்கும் டிசைனர் வேண்டுமென்றே வைப்பவை. நடுவில் வருவதில் பாதி கடைக்குப் போகும் சரக்கு. பை, செருப்பு, ஸ்வெட்டர் எல்லாம் அங்கேதான் இருக்கும். இரண்டையும் பிரித்துப் பேசத் தெரிந்தால் விமர்சனம் பாதி தேறிவிட்டது.

பார்த்ததைச் சொல்லில் வைப்பது

"வேற லெவல்", "செம கிளாஸ்", "போட முடியாத டிரெஸ்" ஆகியவை உங்கள் மனநிலையைச் சொல்கின்றன, உடையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. படத்தைப் பார்க்காத ஒருவர் உங்கள் பத்தியை மட்டும் படித்து அந்த உடையைக் கோட்டுப் படமாக வரைய முடிகிறதா என்று சோதியுங்கள். தம்பி தங்கை யாரிடமாவது பென்சிலைக் கொடுத்து வரையச் சொன்னால் உடனே தெரிந்துவிடும்.

"நீளமான ஸ்டைலிஷ் கோட், மிகவும் நவீனமானது" என்ற வரியை வைத்து யாராலும் வரைய முடியாது. இதை இப்படி எழுதலாம்: "கோட்டின் தோள் தையல் தோள் எலும்பைத் தாண்டி நான்கு விரல் கீழே விழுகிறது. அதனால் கை நீளமாகி உள்ளங்கையைப் பாதி மூடுகிறது. இடுப்பில் எந்தப் பிடிப்பும் இல்லை. மார்பிலிருந்து கணுக்காலுக்கு ஒரு சாண் மேல் வரை நேராக இறங்குகிறது. பட்டன்கள் உள்ளே மறைந்திருப்பதால் முன்பக்கம் ஒரே பலகையாகத் தெரிகிறது." இரண்டாவதில் பாராட்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் படிப்பவர் கோட்டைப் பார்த்துவிட்டார். இனி நீங்கள் சொல்லும் தீர்ப்பை அவர் நம்புவார்.

ஒட்டுமொத்த வடிவத்துக்கு ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. பிரெஞ்சு டிசைனர் கிறிஸ்டியன் டியோர் 1954-ல் எச் லைனையும், 1955-ல் ஏ லைனையும் ஒய் லைனையும் காட்டினார். எச் என்றால் நேராக இறங்குவது, ஏ என்றால் கீழே விரிவது, ஒய் என்றால் மேலே அகன்று கீழே ஒடுங்குவது. இதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டால் சீசனுக்குச் சீசன் ஒப்பிடுவது எளிது.

துணி எப்படி உண்டானது என்று தெரிந்தால் விமர்சனம் இன்னொரு படி ஏறும். இரண்டு உதாரணம். 1982-ல் கவாகுபோ காட்டிய கறுப்பு ஸ்வெட்டரில் அங்கங்கே ஓட்டைகள். கிழிசல் என்று பலர் கடந்துபோனார்கள். அவை பின்னும்போதே உண்டாக்கப்பட்டவை. பின்னல் இயந்திரத்தின் திருகுகளைத் தளர்த்தி, சீரான இயந்திரப் பின்னலுக்குள் கையின் ஒழுங்கின்மையைக் கொண்டுவந்தார். வீட்டில் ஸ்வெட்டர் பின்னுவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, ஒரு கண்ணி விட்டுப்போனால் துணி எப்படிப் பிரியும் என்று தெரியும். அந்த ஸ்வெட்டர் பிரியாமல் நிற்பதே வேலைப்பாடு என்பதும் உடனே புரியும். இன்னொன்று, ஜப்பானிய டிசைனர் இஸ்ஸே மியாகே 1993-ல் தொடங்கிய ப்ளீட்ஸ் ப்ளீஸ் என்ற மடிப்பு உடை வரிசை. வழக்கமாகத் துணியை மடித்துப் பிறகு தைப்பார்கள். இங்கே உடையை இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாகத் தைத்துவிட்டு, காகிதங்களுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்துகிறார்கள். பாலியஸ்டர் சூட்டில் எடுத்த வடிவத்தை விடாது, அதனால் துவைத்தாலும் மடிப்பு போகாது. "அழகான மடிப்பு" என்று எழுதுவதற்கும் இதை எழுதுவதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

காலமும் மூலமும்

உடை வெற்றிடத்தில் பிறப்பதில்லை. 1947 பிப்ரவரி 12 அன்று கிறிஸ்டியன் டியோர் ஒடுங்கிய இடுப்பும், கெண்டைக்கால் வரை இறங்கிப் பல மீட்டர் துணி விழுங்கும் பாவாடையும் காட்டினார். போர்க்காலத் துணிப் பங்கீட்டின் நிழல் இன்னும் விலகாத ஐரோப்பாவில் அது ஒருவருக்கு விடுதலை, இன்னொருவருக்கு வீண்செலவு. அந்த ஆண்டைச் சொல்லாமல் அந்தப் பாவாடையை விமர்சிக்கவே முடியாது. அமெரிக்க விமர்சகர் ராபின் கிவன் ஃபேஷன் எழுத்துக்காக 2006-ல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு வாங்கினார் என்றால், துணியையும் காலத்தையும் சேர்த்துப் படிக்கும் எழுத்துக்கு அந்த மதிப்பு கிடைத்தது என்று பொருள்.

மூலத்தைச் சொல்வது நம்மைப் போன்ற வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான விஷயம். 2025 ஜூனில் மிலனில் இத்தாலிய நிறுவனமான பிராடாவின் ஆண்கள் உடை ஷோவில் வந்த செருப்புகளைப் பார்த்ததுமே கோலாப்பூர் செருப்பு என்று இங்கே எல்லோரும் அடையாளம் கண்டார்கள். முதலில் இந்தியாவின் பெயரே இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டது. கோலாப்பூர் செருப்புக்கு 2019 முதலே புவிசார் குறியீடு இருக்கிறது. இப்படி எதையாவது கண்டால் கோபத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்தப் பகுதி எந்தக் கைவினையிலிருந்து வந்தது என்று உறுப்பு உறுப்பாக எழுதுங்கள்: விரல் வளையம், பின்னிய தோல் பட்டை, அடித்தோல். ஆதாரமாக நிற்பது அந்த விவரம்தான்.

நீலகிரியில் இருப்பவருக்கு இந்தக் கண் வீட்டிலிருந்தே தொடங்கலாம். தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் செய்யும் பூத்துக்குளி ஷால் வேலைப்பாட்டுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் கோடு வரைவதில்லை. பாவு நூலையும் ஊடை நூலையும் எண்ணியே ஊசி ஓட்டுகிறார்கள். அதனால் இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம். அதே போல அச்சடித்த ஷால்களும் சுற்றுலாக் கடைகளில் தொங்குகின்றன. புரட்டிப் பாருங்கள்: அச்சு ஒரு பக்கம்தான் தெளிவாக இருக்கும், மெஷின் எம்பிராய்டரியில் அடியில் பாபின் நூல் வேறு நிறத்தில் ஓடும், பல சமயம் காகிதம் போன்ற ஒட்டும் இருக்கும். கையால் செய்ததில் நூல் துணியின் நெசவுக்குள்ளேயே போய் வரும். ரன்வேயில் சிவப்பு கறுப்புக் கட்ட வேலைப்பாடு ஏதாவது வந்தால், அது எண்ணித் தைத்ததா, மேலே ஒட்டியதா என்று கேட்கும் தகுதி உங்களுக்கு இருக்கிறது.

எழுதி முடிக்கும் விமர்சனம் 500, 600 வார்த்தை போதும். ஐந்து லுக்குகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். முதல் பத்தியிலேயே இந்தக் கலெக்‌ஷன் எதைச் செய்யப் பார்க்கிறது என்று சொல்லிவிடுங்கள். பிறகு அதைக் காட்டும் இரண்டு லுக், மறுக்கும் ஒன்று, கடைச் சரக்கிலிருந்து ஒன்று, முந்தைய சீசனோடு ஒப்பிட ஒன்று. நிறுவனம் விநியோகிக்கும் குறிப்பை எழுதி முடித்த பிறகு படியுங்கள். முன்னால் படித்தால் அவர்கள் சொன்னதையே நீங்களும் பார்ப்பீர்கள். மாடலின் உடலைப் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள். உடையைப் பற்றி எழுத அவ்வளவு இருக்கிறது.

உங்கள் அலமாரியை ஒரு கலெக்‌ஷனாகப் பார்ப்பது

இனி அதே நோட்டு, அதே ஆறு பத்தி, உங்கள் உடைக்கு. இரண்டு வாரம், தினமும் வெளியே கிளம்பும்முன் ஒரு படம். போனை இடுப்பு உயரத்தில், இரண்டரை மூன்று மீட்டர் தள்ளி வைத்து, பத்து விநாடி டைமர் போடுங்கள். மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகத் தெரிந்து, பேன்ட்டின் மீது வீண்பழி விழும். வராண்டா வெளிச்சம் நல்லது, டியூப்லைட் வேண்டாம். முன், பக்கம், முதுகு என மூன்று. மாலையில் திரும்பியதும் ஒரு வரி: எங்கே இறுக்கியது, எதை அடிக்கடி இழுத்துவிட்டீர்கள், எப்போது குளிரியது.

பதினான்கு நாள் கழித்து எண்ணுங்கள். நான்கு ஸ்வெட்டர் இருந்து ஒன்றையே ஒன்பது நாள் போட்டிருப்பீர்கள். ஏன் என்று அளவு நாடா சொல்லும். அந்த ஸ்வெட்டரைத் தரையில் விரித்து அளந்து போனில் சேமியுங்கள்: தோளிலிருந்து தோள், ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள், பின்கழுத்திலிருந்து விளிம்பு, கை நீளம். பேன்ட்டில் இடுப்பு, தொடை, கவட்டையிலிருந்து இடுப்புப் பட்டி வரை உள்ள உயரம், உள்கால் நீளம். இனி கடையில் எம், எல் என்று பார்க்க வேண்டியதில்லை. நாடாவை எடுத்து ஒப்பிடுங்கள். விரித்து அளக்கும்போது அக்குள் அளவில் 3 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் சுற்றளவில் அது 6 ஆகும் என்பதை மறக்க வேண்டாம்.

ரன்வேயிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பொருளை அல்ல, விகிதத்தை. உங்களுக்குப் பிடித்த ஐந்து லுக்குகளில் மேலுடை எங்கே முடிகிறது என்று பாருங்கள். குட்டை மேலுடை, அகலப் பேன்ட். நீள மேலுடை, ஒடுங்கிய பேன்ட். நீளத்தின் மேல் நீளம். இவற்றில் ஒன்று அடிக்கடி வரும். அதை வீட்டில் சோதிக்கச் செலவே இல்லை: பழைய ஸ்வெட்டரின் விளிம்பை 3 சென்டிமீட்டர் உள்ளே மடித்து ஊக்குப் போட்டு ஒரு படம், இன்னும் 3 மடித்து இன்னொரு படம். எந்த இடத்தில் கால் நீண்டு தெரிகிறது என்று படமே காட்டும். ஒரு விகிதம் பிடித்துவிட்டால் அடுத்த ஆறு மாதம் அதற்குள்ளேயே வாங்குங்கள். இரண்டு மூன்று விகிதங்களைக் கலந்து வாங்கினால் அலமாரி நிறையும், ஆனால் எதற்கும் எதுவும் சேராது.

குளிர், சாரல், அடுக்கு

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பள்ளங்களில் உறைபனி விழும். அதே நாள் மதியம் 20 டிகிரி வெயிலில் நடப்போம். அதனால் மலையில் ஒரே தடித்த ஜெர்கினைவிட மூன்று மெல்லிய அடுக்கு மேல். உள்ளே 160 முதல் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற அளவு) டீ-ஷர்ட் அல்லது மெல்லிய கம்பளி, நடுவில் ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ், வெளியே காற்றையும் சாரலையும் தடுக்கும் ஒன்று. மதியம் வெளியடுக்கைக் கழற்றும்போது நடு அடுக்கு தனியாகவே நன்றாக இருக்க வேண்டும். உள்ளே என்ன இருந்தால் என்ன என்று பழைய ஸ்வெட்டரைப் போடுபவர்கள்தான் வியர்த்துக்கொண்டே நாள் முழுக்க ஜிப்பைத் திறக்காமல் இருப்பார்கள்.

அடுக்கு கெடுவது பெரும்பாலும் கைக்குழியில். வெளியடுக்கின் கைக்குழி உள்ளதைவிடச் சிறியதாக இருந்தால் ஸ்வெட்டர் அக்குளில் கட்டியாகிவிடும், கையைத் தூக்கினால் மொத்த உடையும் மேலே ஏறும். கோட்டு வாங்கும்போது எப்போதும் ஸ்வெட்டரோடு போய்ப் போட்டுப் பாருங்கள். உடல் மார்பளவைவிட 15 முதல் 20 சென்டிமீட்டர் தளர்வு வேண்டும். விளிம்புகளில் ஒரு விதி: உள்ளது வெளியே தெரிந்தால் 3, 4 சென்டிமீட்டராவது தெளிவாகத் தெரியட்டும், இல்லையென்றால் தெரியவே வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் எட்டிப்பார்த்தால் கவனக்குறைவு போலத்தான் இருக்கும்.

இழையைப் பற்றிக் கறாராக இருங்கள். கம்பளி காற்றிலுள்ள ஈரத்தைத் தன் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் ஏற்றுக்கொண்டும் உலர்ந்த மாதிரியே இருக்கும். பருத்தி 8 சதவீதம். அக்ரிலிக் ஒன்றிரண்டு சதவீதம், பாலியஸ்டர் அதற்கும் கீழே. மேடேறி நடந்து வியர்த்த பிறகு அக்ரிலிக் ஸ்வெட்டர் உள்ளே பிசுபிசுப்பது இதனால்தான். மலிவாகக் கிடைக்கும் ஸ்வெட்டர்களில் அக்ரிலிக்கே மிகுதி. வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை, கம்பளி விலை கொடுத்து வாங்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் வீட்டில் உள்தையலிலிருந்து இரண்டு நூல் எடுத்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி முடி கருகும் நாற்றம் விட்டுப் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். கடையிலேயே செய்யக்கூடிய சோதனை வேறு: கைப்பட்டியை ஒன்றரை மடங்கு இழுத்து விடுங்கள், உடனே திரும்ப வேண்டும், கட்டைவிரலால் பத்து முறை தேயுங்கள், பிசிறு உருண்டால் ஒரு மாதத்தில் முழுக்க உருண்டைதான்.

திருப்பூர் காதர்பேட்டையிலிருந்து எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் எடுத்துவருபவர்கள் தையலைத் திருப்பிப் பாருங்கள். அங்கே தள்ளப்பட்ட துணிக்கு ஒரு காரணம் இருக்கும்: சாய வித்தியாசம், கோணிய பக்கத் தையல், தவறிய அளவு. டீ-ஷர்ட்டின் இரு பக்கத் தையலும் நேராக இறங்குகின்றனவா என்று தொங்கவிட்டுப் பாருங்கள். ஒன்று முன்பக்கம் திரும்பினால் துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கும். எந்த டெய்லராலும் திருத்த முடியாது. அளவுத் தவறு மட்டும்தான், உங்களுக்குப் பொருந்துகிறது என்றால் லாபம்.

கையால் பின்னத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல வழி இல்லை. நீலகிரி எல்லநள்ளியில் உள்ள நீடில் இண்டஸ்ட்ரீஸ் ஆலையின் போனி பின்னல் ஊசிகள் நாடு முழுக்கப் போகின்றன. நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கின்றன. 8 ப்ளை தடிமன் நூல், 4 மில்லிமீட்டர் ஊசி, பெரியவர் ஸ்வெட்டருக்கு ஏறத்தாழ 450 முதல் 600 கிராம். முதலில் ஒரு மாதிரிச் சதுரம் பின்னி, துவைத்துக் காயவைத்து அளக்க வேண்டும். 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வந்தால் 220 கண்ணிக்குச் சுற்றளவு 100 சென்டிமீட்டர். கை தளர்ந்து 20 கண்ணிதான் வந்தால் அதே 220 கண்ணி 110 ஆகிவிடும். அம்மாவோ பாட்டியோ கண்ணளவில் தொடங்கினால், இந்தச் சதுரத்தை மட்டும் பின்னச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாரல் மாதங்களில் காயும் நேரமே உடையைத் தீர்மானிக்கிறது. ஜூன் முதல் ஊட்டி, கூடலூர் பக்கமும், அக்டோபரில் இருந்து கோத்தகிரி, கோடைக்கானல் பக்கமும் ஜீன்ஸ் நாள்கணக்கில் காயாது. பட்டியும் பாக்கெட்டும் ஈரமாகவே இருந்து நாற்றமெடுக்கும். அந்த மாதங்களுக்கு மெல்லிய காட்டன் ட்ரில் அல்லது பாலியஸ்டர் கலந்த பேன்ட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். ரன்வேயில் தரையைத் துடைத்துக்கொண்டு வரும் பேன்ட் கோடைக்கானல் மூஞ்சிக்கல் இறக்கத்தில் சேற்றை உறிஞ்சி முட்டி வரை ஏற்றும். கம்பளியைத் துவைக்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். பூச்சி தேடிவருவது வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தைத்தான். அந்துருண்டையைத் துணியில் படாமல் சிறு பையில் கட்டி வையுங்கள்.

நிறமும் டெய்லரும்

நிறத்தைக் கடை வெளிச்சத்தில் முடிவு செய்யாதீர்கள். ஊட்டி கமர்ஷியல் ரோடு கடையோ கோடைக்கானல் ஏழு ரோடு கடையோ, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு எடுத்துவந்து பாருங்கள். உள்ளே ஒன்றாகத் தெரிந்த கறுப்பும் நேவி நீலமும் வெளியே பிரிந்துவிடும். மூடுபனி சாயத்தை விழுங்கும். ஐம்பது மீட்டர் தள்ளி வடிவமும் ஒன்றிரண்டு அழுத்தமான நிறமும்தான் மிஞ்சும். சாம்பலும் வெளிர்பச்சையும் மட்டும் உடுத்துபவர் படத்தில் நன்றாக இருப்பார், தெருவில் கரைந்துவிடுவார். மப்ளரோ குல்லாவோ ஒன்று கெட்டியான நிறத்தில் இருக்கட்டும். விளக்கில்லாத எஸ்டேட் ரோட்டில் மாலையில் நடப்பவருக்கு வெளிர்நிற வெளியடுக்கு பாதுகாப்பும்கூட. வெள்ளையின் பலத்தைப் பார்க்க ஹெத்தையம்மன் திருவிழாவில் நீலகிரியின் படுகர்கள் வெள்ளை உடையில் கூடுவதைக் கவனியுங்கள். ஒரே நிறத்தில் நெசவும் மடிப்பும் மட்டுமே எவ்வளவு வேறுபாடு காட்டும் என்று அங்கே தெரியும்.

பெரியப்பாவோ தாத்தாவோ விட்டுச்சென்ற பழைய கம்பளிக் கோட்டு பல வீடுகளில் தொங்குகிறது. புதியதில் கிடைக்காத துணி அது. டெய்லரிடம் கொண்டுபோகும்முன் எது முடியும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீளம் குறைப்பது, பக்கத் தையலில் மொத்தம் 4, 5 சென்டிமீட்டர் பிடிப்பது, கை நீளத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைப்பது எளிது. பிரித்துவிடுவது உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. லைனிங்கைத் தடவிப் பார்த்தாலே தெரியும். தோள் பெரிதாக இருந்தால் கையைப் பிரித்துக் கைக்குழியை மறுபடி வெட்ட வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் என்றால் செலவுக்கு ஈடாகாது. தொங்கும் தோளாகவே விட்டுவிட்டு நீளத்தை மட்டும் குறையுங்கள், ரன்வேயில் அதே வெட்டைத்தான் பலர் காட்டுகிறார்கள். "கொஞ்சம் டைட் பண்ணுங்க அண்ணா" என்று சொன்னால் அவர் கொஞ்சம் வேறு, உங்கள் கொஞ்சம் வேறு. ஊக்குக் குத்திக் கொண்டுபோங்கள், சரியாக உட்காரும் உடையொன்றை அளவுக்குக் கொடுங்கள். நனைந்து சுருங்கக்கூடிய துணியைத் துவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். ஸ்வெட்டரை வெட்டுவதாக இருந்தால் ஓவர்லாக் மெஷின் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் பிரிந்துவரும்.

கோயம்புத்தூரிலோ மதுரையிலோ படிக்கப் போகிறவர்கள் மலைப் பாணியை அப்படியே மூட்டை கட்ட வேண்டாம், விகிதத்தை மட்டும் எடுத்துப்போங்கள். ஸ்வெட்டர் இருந்த இடத்தில் அதே நீளத்தில் மெல்லிய காட்டன் சட்டையைத் திறந்தபடி போடலாம். கம்பளிப் பேன்ட்டின் அகலத்தை லினனில் தைத்துக்கொள்ளலாம். தடித்த ஜெர்கின் வீட்டிலேயே இருக்கட்டும். பஸ்ஸுக்கு ஒரு ஷால் போதும். ஊருக்கு ஏறும்போது அதை மேல்தட்டுப் பைக்குள் திணித்துவிடாமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் தாண்டியதும் தேடுவீர்கள்.